ஓஸ்லோ கடலில் ஒன்றுக்குப் போன கதை

நார்வே போய் வந்தவள் என்று தெரிந்ததும் எல்லோரும் வானத்தில் பச்சை வெளிச்சம் பார்த்தாயா என்றுதான் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. ஓஸ்லோவில் நான் இருந்த ஐந்து நாளும் வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில்தான் இருந்தது. நான் பார்த்ததெல்லாம் திறக்காத கழிப்பறைக் கதவு, ஆளுயரக் கறிவேப்பிலைச் செடி, பிறகு பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பெண்ணின் முதுகு. இந்தக் கட்டுரை மூத்திரத்தைப் பற்றியது. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து தொடரலாம்.

பாண்டிச்சேரியில் ஸ்கூபா சொல்லிக்கொடுப்பது என் வேலை. வாரக் கடைசியில் வந்து இறங்கும் ஐ.டி. பையன்களுக்கு மூக்கைப் பிடித்துக் காது அடைப்பெடுக்கக் கற்றுக்கொடுத்து, மீனோடு படம் எடுத்துக்கொள்ள வைத்து, உயிரோடு மேலே கொண்டுவந்து விடுவேன். பதினைந்து வருடமாக இதே பிழைப்பு. போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் ஹம்மர்பெஸ்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நார்வேயின் உச்சந்தலையில் இருக்கும் மீன்பிடி ஊர் அது. அங்கே கடலடியில் பாசிக்காடுகளை நான்கு மாதம் கணக்கெடுக்க ஆள் வேண்டுமாம். வேலை எனக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனை. குளிர்கடலில் முங்குகிறவர்கள் போடும் டிரைசூட்டில் பயிற்சி முடித்து, மூன்று முறை கடலில் இறங்கியதாகக் கையெழுத்து வாங்கிய தாளைத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இப்படி இன்னொரு மின்னஞ்சல் வரப்போவதில்லை.

முதலில் ஒரு தொழில் ரகசியம் சொல்லிவிடுகிறேன். நம் கடல் வெதுவெதுப்பானது. அதில் போடும் வெட்சூட்டுக்குள் தண்ணீர் வரும், போகும். அதனால் முங்குகிறவர்கள் எல்லோரும் அதற்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விடுவார்கள். கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சாயங்காலம் அந்த உடைகளைச் சோப்புத்தூள் போட்டு அலசுகிறவள் நான் என்பதால் எனக்குத் தெரியும். என் முதலாளியின் உடைதான் இருப்பதிலேயே மோசம்.

நான் மட்டும் போனதே இல்லை. பதினைந்து வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் என் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருந்தது, கதவு மட்டும் இல்லை. காலை ஏழு மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம் ஐந்து வரை இருப்பது எப்படி என்று எந்த டீச்சரும் சொல்லித்தரவில்லை. நாங்களே கற்றுக்கொண்டோம். அதற்குப் பிறகு பஸ்ஸோ ரயிலோ கல்யாண மண்டபமோ என்னை அசைத்ததில்லை. இப்படி அடக்கத் தெரியாதவர்களை எனக்குக் கொஞ்சம் இளக்காரமாகவே பார்க்கத் தோன்றும்.

விமானத்தில் ஜன்னல் இருக்கை. பக்கத்தில் இரண்டு ஆண்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். எழுப்பவில்லை. ஓஸ்லோ நகரின் நடுவில் ஒரு வணிக வளாகத்துக்குள் நுழைந்து கழிப்பறையைத் தேடினேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டி கார்டைக் காட்டு என்றது. காட்டினேன். என் இந்திய வங்கிக் கார்டைப் பார்த்ததும் சிவப்பு விளக்கை எரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. எங்கள் ஊரில் கழிப்பறை உண்டு, கதவு இல்லை. இங்கே பளபளவென்று கதவு உண்டு, திறப்பதில்லை. இதற்குத்தான் உலகமே இந்த நாட்டைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறது. எனக்கென்ன என்று ரயில் ஏறிவிட்டேன்.

ரயிலில் யாரும் யாரோடும் பேசவில்லை. இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை உட்காரவைத்திருந்தார்கள். அந்த அமைதியில் தூங்கிப்போனேன். நான் இறங்க வேண்டிய அம்மருட் எப்போது வந்து போனதென்று தெரியாது. கண் விழித்தபோது வெஸ்ட்லி. அதற்கு மேல் தண்டவாளமே இல்லை. சுற்றிலும் உயர உயரமான அடுக்குமாடிகள். முக்காடு போட்ட சோமாலியப் பெண்மணி ஒருவர் என் பெட்டியையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "தூங்கிவிட்டாயா? எல்லோரும் தூங்கத்தான் செய்கிறார்கள். இறங்காதே, இதே ரயில் திரும்பிப் போகும்" என்றார். அந்த ஊரில் அழைக்காமல் என்னிடம் பேசிய முதல் ஆள் அவர்தான். கடைசி ஆளும் அவர்தான்.

அம்மருட்டில் எட்டாவது மாடியில் வதனி அக்காவின் வீடு. யாழ்ப்பாணத்துச் சண்டைக்குத் தப்பி வந்த அவர் குடும்பம், எனக்குப் பத்து வயதானபோது எங்கள் தெருவில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தது. என்னைவிட இரண்டு வகுப்பு மேலே, அதே பள்ளிக்கூடம். பிறகு கல்யாணமாகி நார்வே வந்துவிட்டார். இப்போது வீடு வீடாகப் போய் வயதான நார்வேக்காரர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, உடை மாற்றிவிடுகிற வேலை. லாரி ஓட்டும் கணவர் நான் இருந்த நாள்களில் ஸ்வீடன் பக்கம் போயிருந்தார்.

"என்னடி செல்வி, இப்பிடி மெலிஞ்சு போனாய்? இஞ்சை வந்து இரு. முதல்லை தேத்தண்ணி குடி."

"முதல்ல பாத்ரூம் எங்கக்கா?"

"நீ மாறவே இல்லை" என்று சிரித்தபடி கதவைக் காட்டினார். ஒன்பது மணி நேரம் அடக்கியிருந்தேன். திரும்பி வந்து அதைச் சொன்னபோது அக்கா ஆச்சரியப்படவே இல்லை.

இடியப்பமும் சொதியும் வைத்தார். சமையலறை ஜன்னலோரம் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை அவர் தோளுக்கு மேல் வளர்ந்து நின்றது. பாண்டிச்சேரி வெயிலில் என் செடி முழங்காலைத் தாண்டியதில்லை. வெளியே பனி விழும் நாட்டில் இது எப்படி என்று கேட்டேன்.

"தண்ணிதான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் மறக்காமல் ஊத்துவன்" என்றார். சொல்லிக்கொண்டே வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, மூடியைத் திருகி, அப்படியே செடியில் கவிழ்த்தார். எனக்குச் சொதியில் கவனம்.

மறுநாள் வியாழக்கிழமை வகுப்பு. நகரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் வேனில் போனால், கடல் கை நீட்டி நிலத்துக்குள் நுழைந்திருக்கும் ஓர் இடத்தில் பாறையும் மரக்குடிலும். பயிற்சியாளர் மாரித்துக்கு இருபத்தாறு வயது. நான் முதன்முதலாகக் கடலுக்குள் ஆள் கூட்டிக்கொண்டு போனபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். என்னோடு படிக்க வந்தவர் ஆர்னெ, தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர், தாடியில் எப்போதும் ரொட்டித் துணுக்கு.

டிரைசூட் என்பது கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை போட்டு அடைத்த பை. உள்ளே தண்ணீர் ஒரு சொட்டு வராது. உள்ளே கம்பளி உடை. முதுகுப்பக்கம் தோளுக்குத் தோள் ஜிப். அதை இன்னொருவர்தான் இழுத்து மூட வேண்டும், இன்னொருவர்தான் திறந்துவிடவும் வேண்டும். அவசரத்துக்குக் கழற்ற இருபது நிமிடம். உள்ளே ஒன்றுக்குப் போனால் அது எங்கேயும் போகாது, உங்களோடுதான் இருக்கும்.

"ஆகவே மூத்திரம்" என்று மாரித் பாடத்தை ஆரம்பித்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இரண்டு வழி. ஒன்று, குழாய். உடம்பில் மாட்டினால் தொடையில் இருக்கும் வால்வு வழியாகக் கடலுக்குப் போய்விடும். இரண்டு, டயப்பர். நான் டயப்பர்."

ஆர்னெ எழுந்து தன் தொடை வால்வைப் புது கைக்கடிகாரம் காட்டுகிறவர் போலக் காட்டினார். பிறகு எந்தக் கடையின் டயப்பர் கசியாது, எது உட்கார்ந்தால் மடங்கும் என்று இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். "போன மார்ச்சில் இரண்டு முறை போனேன், தாங்கியது." "இரண்டு முறையா? பரவாயில்லையே." நாகரிகத்தில் முதலிடம் பிடித்த தேசம் அது. எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ எது?" என்று மாரித் கேட்டாள்.

"எனக்கு இரண்டும் தேவையில்லை. நான் அடக்கிக்கொள்வேன்."

"அது வழி இல்லை" என்றாள். அத்தோடு மதிய உணவு. இரண்டு துண்டு ரொட்டிக்கு நடுவில் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி. வெல்லப்பாகில் மெழுகுவத்தி விழுந்தால் என்ன ருசி வருமோ அந்த ருசி. அதை ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் காகிதம் வைத்து அடுக்கிக் கொண்டுவருகிறார்கள், பொக்கிஷம் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை வதனி அக்கா பெரிய கோப்பை நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். யாழ்ப்பாணத்தார் வீட்டில் தேத்தண்ணியை மறுப்பது, அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நடப்பதற்குச் சமம். நான் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை விரதம்க்கா. தண்ணிகூடக் கிடையாது."

"சாமி நல்லாப் பாக்கட்டும்" என்று கோப்பையைப் பயபக்தியோடு எடுத்துக்கொண்டு போனார்.

முதல் முங்கல். தண்ணீர் ஒன்பது டிகிரி. முகத்தில் படும் இடமெல்லாம் அறை வாங்கியதுபோல் வலித்தது. இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அடிவயிறு முட்ட ஆரம்பித்துவிட்டது. முந்தைய இரவிலிருந்து எதுவும் குடிக்காதவளுக்கு எங்கிருந்து வந்தது? அடக்கினேன். மாரித் காட்டிய பாறைச் சுவரில் என்ன வளர்ந்திருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடைக்குள் இருக்கும் காற்று காலுக்கு ஏறித் தலைகீழாகிவிட்டால் எப்படிச் சமாளித்து நிமிர்வது என்ற பயிற்சியை இரண்டு முறை சொதப்பி மூன்றாவது முறை செய்தேன். முப்பது நிமிடம் முடிந்து கரையேறியதும் ஆர்னெ, "பதினைந்தாவது நிமிடத்தில் போய்விட்டேன், சொர்க்கம்" என்று எல்லோருக்கும் அறிவித்தார். எனக்கு அவர் தாடியைப் பிடித்து ஆட்ட வேண்டும் போலிருந்தது. யாராவது ஜிப்பைத் திறந்துவிட மாட்டார்களா என்று நான் குடில் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆனாலும் தாளில் முதல் கையெழுத்து விழுந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் தலைவலி மண்டையைப் பிளந்தது. விரதத்தால் என்று அக்கா முடிவு கட்டி, ரசம் வைத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை. விரதத்தை ஒரு நாள் நீட்டித்தேன். பெருமாளுக்கு என்று சொன்னேன். குடிலில் உடை மாற்றப்போகும்போது மாரித் சுவரைக் காட்டினாள். அங்கே வெளிர் மஞ்சளிலிருந்து டிக்காஷன் நிறம் வரை கட்டம் போட்ட ஓர் அட்டை.

"இன்று காலை உன் மூத்திரம் இதில் எந்த நிறம்?"

அந்நியப் பெண் ஒருத்தி, ஒரு கிழவரை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. நம் ஊரில் டாக்டர்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பார். நான் மேலே இருந்த முதல் கட்டத்தைக் காட்டினேன். உண்மையில் அது கீழிருந்து இரண்டாவது.

இறங்கிய ஆறாவது நிமிடத்தில் என் வலது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. காலில் மாட்டியிருந்த துடுப்பை அசைக்க முடியவில்லை. இடது கால் நானும் வருகிறேன் என்றது. மாரித் என் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்தாள். பதினைந்து வருடமாக எத்தனையோ பேரை நான் அப்படிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். பாறையில் உட்காரவைத்து என் உதட்டைப் பார்த்தாள். கையின் மேல்தோலைக் கிள்ளி விட்டாள். தோல் கிள்ளியபடியே சற்று நேரம் நின்றது.

"நீ தண்ணீர் குடிப்பதில்லை."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"குளிரில் இறங்கினால் கை கால் ரத்தமெல்லாம் உடம்பின் நடுவுக்கு ஓடிவிடும். உடம்பு தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று ஏமாந்து வெளியே தள்ளும். நீ குடித்தாலும் தள்ளும், குடிக்காவிட்டாலும் தள்ளும். காய்ந்த உடம்போடு ஆழத்துக்குப் போனால் மேலே வரும்போது ரத்தத்தில் குமிழி கட்டலாம். இது உனக்குத் தெரியும். நீயும் பயிற்சியாளர்தானே? உன் மாணவர்களுக்கு என்ன சொல்வாய்?"

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றுதான் சொல்வேன். தினமும் சொல்வேன். அந்த வார்த்தைகள் என் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை.

"யார் உன்னைக் குடிக்காதே என்று பழக்கினார்கள்?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உனக்கென்ன தெரியும்? போகிற இடமெல்லாம் கதவு போட்டு வைத்திருக்கிற ஊர்க்காரி நீ. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். இது ஒரு பயிற்சி" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றைய முங்கல் கணக்கில் சேராது என்றாள். நாளை இரண்டு முறை இறங்கலாம், ஆனால் குடித்திருக்க வேண்டும், டயப்பர் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் கால் வைக்க விடமாட்டேன் என்றாள். ஞாயிறு போனால் தாள் இல்லை. தாள் இல்லையென்றால் மறுபடியும் ஐ.டி. பையன்களின் மூக்கு.

வீட்டுக்கு வந்து வதனி அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், விரதப் பொய் உட்பட. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு பொதியை எடுத்து மேசையில் பொத்தென்று போட்டார்.

"பிளையெ. இஞ்சை பம்பேர்ஸுக்கு அப்பிடித்தான் சொல்றது. பெரிய ஆக்களின்ரை. நான் ஒரு நாளைக்கு எத்தினை பேருக்கு மாத்திறன் தெரியுமே? முந்தி மந்திரியா இருந்தவருக்கும் கட்டினனான். ஒருத்தரும் செத்துப் போகேல்லை."

"எனக்கு அசிங்கமா இருக்குக்கா."

"உனக்கு விசர். எழும்பு, அளவு பாப்பம்."

கூடத்தில் நிற்கவைத்து, சுடிதாருக்கு மேலாகவே அளவு பார்த்தார். தொழிலில் கைதேர்ந்த தையற்காரர்கூட அவ்வளவு வேகமாக ஒரு பெண்ணின் இடுப்பை அளந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை எழுந்ததிலிருந்து குடித்தேன். தேத்தண்ணி, சுடுநீர், மறுபடி தேத்தண்ணி. ரயிலில் வயிறு தளும்பியது. அட்டையில் இரண்டாவது கட்டத்தைக் காட்டினேன். இம்முறை உண்மை. முதல் முங்கல் குறுகியது, மேலோட்டமானது. முட்டியது, ஆனால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டதால் பழைய பழக்கப்படி தப்பித்தேன். இரண்டாவது கையெழுத்து. மாரித் என்னைப் பார்த்து, "போனாயா?" என்றாள். இல்லை என்றேன். உடையைக் கழற்றக்கூடாது, இடைவேளையில் இன்னும் அரை லிட்டர் குடி என்றாள். நின்று பார்த்துக் குடிக்கவைத்தாள்.

மூன்றாவது முங்கல். பன்னிரண்டு மீட்டர், நாற்பது நிமிடம். மேலே கலங்கல், கீழே பச்சைக் கறுப்பு. டார்ச் வெளிச்சத்தில் பாறை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கடற்பூக்கள் விரிந்திருந்தன. பத்தாவது நிமிடம் முட்டியது. இருபதாவது நிமிடம் வலித்தது. போய்விடலாம். யாருக்கும் தெரியாது. டயப்பர் இருக்கிறது, சுற்றிலும் கடல் இருக்கிறது, அதற்கு அனுமதியும் இருக்கிறது. போக முடியவில்லை. போ போ என்று நானே சொன்னேன். உடம்பு கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் பூட்டி வைத்தது, சாவியை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வலியில் மூச்சு வேகமாகிவிட்டது. காற்று அளவைக் காட்டும் முள் மளமளவென்று இறங்கியது. இப்படியே போனால் நேரம் முடியும்முன் காற்று முடிந்துவிடும், மேலே ஏற வேண்டியதுதான், தாளும் போய்விடும்.

இத்தனை வருடமாக என்னைப் பற்றி நான் நினைத்திருந்த பெருமையெல்லாம் அந்த இடத்தில்தான் கரைந்தது. எனக்கு அடக்கத் தெரியும் என்பது பொய். விடத் தெரியாது என்பதுதான் உண்மை.

மாரித் என் முன்னால் வந்து நின்றாள். உள்ளங்கையைக் கிடைமட்டமாக ஆட்டி, ஏதோ சரியில்லை என்று காட்டினேன். அடிவயிற்றைத் தொட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக மூச்சு விடு என்று கையை இறக்கிக் காட்டினாள். என்னைப் பாறையில் முழங்காலிட வைத்தாள். பிறகு, கையெட்டும் தூரத்திலேயே, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் உயிர் போகும் அவசரம் என்றால் ஒரு வழி வைத்திருந்தோம். மதிலுக்குப் பின்னால் கருவேலம் புதர் இருந்தது. இரண்டு பேர் தாவணியை விரித்துப் பிடித்து, நமக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். அவர்கள் நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. அது எனக்கு மறந்தே போயிருந்தது. நார்வேக்காரி ஒருத்தி, தாவணியே பார்த்திராதவள், அதே மாதிரி நின்றாள்.

போய்விட்டேன். இளஞ்சூடாக, நீளமாக, முடிவே இல்லாமல். முகமூடிக்குள் அழுதேன். துடைக்க வழியில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. அவள் திரும்பவே இல்லை. நானே போய்த் தோளைத் தட்டினேன். மீதி நேரம் முழுக்க அந்த வெள்ளைக் கடற்பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு நண்டு கோபமாக என் டார்ச்சை முறைத்தது.

கரையில் மாரித் மூன்றாவது கையெழுத்தைப் போட்டாள். ஆர்னெ விஷயத்தைக் கேள்விப்பட்டு, எழுந்து நின்று கைதட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி ரொட்டியில் பாதியை நீட்டினார். தின்றேன். அப்போதும் நன்றாகத்தான் இல்லை.

அம்மருட்டுக்குத் திரும்பி, தாளைப் படம் எடுத்து ஹம்மர்பெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்றாவது கோப்பைத் தேத்தண்ணியோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். வதனி அக்கா ஞாயிறு வேலை முடிந்து வந்தார். வழக்கம்போலப் பையிலிருந்து போத்தலை எடுத்துக்கொண்டு செடியருகே போனார். மூடியைத் திருகியபோது கடக் என்று சத்தம் வந்தது. காலையில் இறுக்கிய மூடியை அன்றைக்கு முதல் தடவை திறக்கும் சத்தம். தண்ணீர் கழுத்துவரை நின்றது.

"அக்கா, அது காலைல எடுத்துட்டுப் போன தண்ணியா?"

"ஓம்."

"ஒரு மடக்குகூடக் குடிக்கல?"

"குடிச்சால் எங்கை போறது? ஒரு வக்த்துக்கு, அதுதான் ஒரு ஷிப்டுக்கு, எட்டு வீடு."

"எட்டு வீட்லயும் பாத்ரூம் இருக்குமே."

அக்கா போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "முந்திப் போறனான். ஒரு கிழவி, நான் கக்கூஸுக்குப் போட்டு வந்த உடனை, என்ரை கண்ணுக்கு முன்னாலையே கையுறை போட்டுக்கொண்டு போய்க் கழுவினவ. அவவுக்கு நடக்கேலாது, செல்வி. நான்தான் தூக்கி இருத்தி எழுப்பிறது. அண்டைக்கு எழும்பி நடந்தவ." செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதுக்குப் பிறகு நான் ஒருத்தற்றை வீட்டிலையும் போறேல்லை. பதினொரு வருசம். அவவின்ரை வீடு இப்பவும் என்ரை எட்டிலை ஒண்டு. ரெண்டு தரம் சிறுநீரகத்திலை கல்லு எடுத்தாச்சு."

"எனக்குப் பொதியைத் தூக்கிப் போட்டீங்களே. நீங்க போட்டுக்க வேண்டியதுதானே?"

"அது நான் மற்றவைக்குக் கட்டுறது" என்றார். பிறகு, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், சாதாரணமாகவே, "ஏன், உனக்குத் தெரியாததே? நீதானேடி பழக்கினனீ" என்றார். "எங்கடை ஊர்ப் பள்ளிக்கூடத்திலை கதவு இருந்தது. உங்கடை பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாள், நான் அந்தக் கக்கூஸைப் பாத்திட்டு அழுதுகொண்டு நிண்டனான். நீ பெரிய மனுசி மாதிரி வந்து சொன்னாய், 'காலைல ஏழு மணிக்கு மேல தண்ணி குடிக்காதீங்கக்கா, எல்லாம் சரியாயிடும்' எண்டு."

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நான்தான் சொல்லியிருப்பேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அகதியாக வந்த ஒரு பெண்ணுக்கு என் ஊர் சார்பாக நான் கொடுத்த ஒரே பரிசு அது. அதை அவர் பத்திரமாக நார்வே வரை கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஐந்து நாளாக இந்த நாட்டைக் கேலி செய்துகொண்டு திரிந்த எனக்கு, அந்த நாற்காலியில் உட்கார வெட்கமாக இருந்தது.

எழுந்து போய் அவர் கையிலிருந்த போத்தலை வாங்கிக் கோப்பையில் ஊற்றினேன்.

"நான் பழக்கினதுதானே, நானே நிறுத்தறேன். குடிங்க."

"நாளைக்கும் எட்டு வீடு."

"அந்தப் பொதியில மிச்சம் இருக்கு, கட்டிட்டுப் போங்க. இல்லன்னா அந்தக் கிழவி வீட்டுலயே நிம்மதியாப் போயிட்டு வாங்க. கழுவட்டும். எந்திரிச்சு நடந்தா காலுக்கு நல்லதுதானே."

அக்கா என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, சேலைத் தலைப்பு இல்லாததால் வேலைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். நான் அடுப்படிப் பக்கம் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். குடிக்கும் சத்தம் கேட்டது. பாதிதான் குடித்தார். மீதி செடிக்குப் போய்விட்டது.

ஹம்மர்பெஸ்ட் வேலை உறுதியாகிவிட்டது. இப்போது பாண்டிச்சேரியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று வதனி அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. ஜன்னலோரக் கறிவேப்பிலை. பாதி இலை பழுத்து, பாதி இலை தரையில். மேலே வெறும் குச்சி. கூடவே ஒரு குரல் செய்தி.

"செல்வி, நீ செய்த வேலையைப் பார். போத்தல் இப்ப ஒவ்வொரு நாளும் வெறுமையாத்தான் வருது. செடிக்கெண்டு தனியா ஊத்த எனக்கு ஞாபகம் வரேல்லை, எல்லாம் கொட்டுண்டு போச்சுது. அந்தக் கிழவி இந்தக் கிழமை மூண்டு தரம் எழும்பி நடந்திட்டா."

கொட்டட்டும் என்று பதில் போட்டேன்.